பூக்காத கொடி பெருகுவது எப்படி?

மணி பிளாண்ட் இல்லாத தெரு இன்று அரிது. மாடிக் குடியிருப்பின் குறுகிய தாழ்வாரத்திலும், அலுவலக மேசையின் ஓரத்திலும், பள்ளி ஆய்வுக்கூடத்தின் சன்னலிலும் பழைய பாட்டில் ஒன்றில் அது நிற்பதைக் காணலாம். இதய வடிவ இலை, அதன்மேல் மஞ்சளை வாரித் தெளித்தாற்போன்ற வரிகள், இடம் கண்ட பக்கமெல்லாம் நீளும் தண்டு. இத்தனை பழக்கமான இந்தச் செடியைப் பற்றி வாசகர்களிடம் ஒரு கேள்வி: மணி பிளாண்ட் பூத்து நீங்கள் பார்த்ததுண்டா?

பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டீர்கள். தோட்டக்கலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களிலும் மிகப் பலர் பார்த்ததில்லை. வளர்க்கும் இடங்களில் இக்கொடி தானாகப் பூத்ததாக அறிவியல் ஏடுகள் கடைசியாகக் குறிப்பிடுவது 1964ஆம் ஆண்டில்தான். பூ இல்லையென்றால் காய் இல்லை. காய் இல்லையென்றால் விதை இல்லை. பூத்து விதை தராத ஒரு செடி, தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஒரு தீவிலிருந்து புறப்பட்டு நம் வீட்டுச் சன்னலை எப்படி வந்தடைந்தது?

விடை அதன் தண்டில் இருக்கிறது. அதை அறிந்துகொண்டால், இச்செடியை மட்டுமல்ல, வீட்டில் வளர்க்கத் தக்க படர்கொடிகள் பலவற்றைச் செலவின்றிப் பெருக்கலாம். எங்கே வெட்ட வேண்டும், எது பிழைக்கும், எது அழுகும் என்பவை தாமே விளங்கும்.

பெயர் மாறிய கதை

மணி பிளாண்டின் தாயகம், சொசைட்டித் தீவுகளுள் ஒன்றான மூரேயா. 1880ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தாவரவியலார் இதற்கு ‘போத்தோஸ் ஆரியஸ்’ என்று பெயர் சூட்டினர். ‘ஆரியஸ்’ என்றால் பொன்னிறம் கொண்டது என்று பொருள். 1908இல் இது ‘சிண்டாப்சஸ்’ என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அரிதாகப் பூ ஒன்று கிடைத்தது. அதை ஆராய்ந்தபின் 1963இல் ‘ராபிடோபோரா’ என்றும், மறு ஆண்டே ‘எபிப்ரெம்னம்’ என்றும் பெயர் மாறியது. இன்று ‘எபிப்ரெம்னம் ஆரியம்’ என்பதே ஏற்கப்பட்ட பெயர். ஆயினும் நாற்றுப் பண்ணைகளில் ‘போத்தோஸ்’ என்ற பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன் இத்தனை தடுமாற்றம்? தாவரங்களை வகைப்படுத்துவோர் முதன்மையாகப் பூவின் அமைப்பையே நம்புகின்றனர். பூவே காட்டாத செடியை எந்தக் குடும்பத்தின் எந்தக் கிளையில் வைப்பது? இலையைப் பார்த்துச் சேம்புக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். அதற்குமேல் நுணுகிச் சொல்லப் பூ வேண்டும்.

பூக்காமைக்கான காரணம் 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் தெளிவாயிற்று. தாவரங்களில் ஜிப்பரெல்லின் என்னும் ஹார்மோன்கள் உண்டு. இவற்றின் வரலாறே சுவையானது. ஜப்பானில் நெல் நாற்றுகள் அளவுக்கு மீறி நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும் ஒரு நோய் இருந்தது. அந்நோயை உண்டாக்கும் பூஞ்சை சுரக்கும் பொருளே நாற்றை அப்படி நீட்டுகிறது என்று 1926இல் கண்டனர். பின்னர் அதே வகைப் பொருளைத் தாவரங்களும் தாமே உற்பத்தி செய்கின்றன என்று தெரியவந்தது. தண்டு நீள்வது, விதை முளைப்பது, சில செடிகள் பூப்பது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

மணி பிளாண்டில், செயல்திறன் உள்ள ஜிப்பரெல்லினை ஆக்கும் மரபணு ஒன்று சரியாக இயங்குவதில்லை. ஆய்வாளர்கள் அந்த ஹார்மோனை வெளியிலிருந்து செடியின்மேல் தெளித்தனர், செடி பூத்தது! ஆகவே பூக்கும் வழிமுறை முற்றும் அழிந்துவிடவில்லை. அதைத் தூண்டும் ஒரு கண்ணிதான் அறுந்திருக்கிறது. காட்டில் தனித்து விடப்பட்ட செடிக்கு இப்படி நேர்ந்திருந்தால் அதன் வம்சம் பெருகுவது கடினமாகியிருக்கும். மணி பிளாண்டுக்கு மனிதன் துணை நின்றான்.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. மணி பிளாண்டை விலை கொடுத்து வாங்கக் கூடாதாம். பக்கத்து வீட்டிலிருந்து கேளாமல் கிள்ளிவந்து வைத்தால்தான் பணம் சேருமாம். பணம் சேருமோ இல்லையோ, செடி சேர்ந்தது உண்மை. விதையில்லாத கொடிக்கு இதைவிட நல்ல பரப்புரை வேறு கிடைக்காது.

கணுவில் இருப்பது என்ன?

மணி பிளாண்ட் தண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீரான இடைவெளியில் சற்றே புடைத்த வளையங்கள் தெரியும். அவையே கணுக்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஓர் இலை புறப்படுகிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கோணத்தில் மிகச் சிறிய மொட்டு ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். இது இலைக்கோண மொட்டு. அதே கணுவில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முண்டு நீட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். இது வேரின் தொடக்கம். விதையின் முளைவேரிலிருந்து வராமல் தண்டிலிருந்து தோன்றுவதால் இதனை வேற்றிட வேர் என்பர்.

அதாவது, ஒவ்வொரு கணுவிலும் தண்டாக நீளக்கூடிய ஒரு மொட்டும், வேராக நீளக்கூடிய ஒரு முனையும், இரண்டுக்கும் உணவளிக்க ஓர் இலையும் ஆயத்தமாக இருக்கின்றன. 1 மீட்டர் நீளமுள்ள கொடியில் 10 கணுக்கள் இருந்தால், 10 செடிகள் வரிசையில் நிற்கின்றன என்று கொள்ளலாம்.

அப்படியானால் அந்த மொட்டுகள் ஏன் உறங்குகின்றன? இக்கேள்வியின் வேர் பின்னோக்கிப் போகிறது. மணி பிளாண்ட் தன் முதல் அறிவியல் பெயரைப் பெற்ற அதே 1880இல், சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸ் உதவியுடன் தாவரங்களின் அசைவு பற்றிய நூலை வெளியிட்டார். புல் நாற்றின் நுனி ஒளியை உணர்கிறது, ஆனால் வளைவது நுனிக்குக் கீழே உள்ள பகுதி. ஆகவே நுனியிலிருந்து ஏதோ ஒரு தூண்டல் கீழ்நோக்கிச் செல்ல வேண்டும் என்று அவர்கள் எழுதினர். அந்த ‘ஏதோ ஒன்று’ ஒரு வேதிப்பொருள் என்பதை ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வென்ட் 1928இல் மெய்ப்பித்தார். ஓட்ஸ் நாற்றின் நுனிகளை வெட்டி அகார் துண்டின்மேல் வைத்தார். நுனியிலிருந்து கசிந்த பொருள் அகாரில் சேர்ந்தது. அந்த அகாரை நுனியற்ற நாற்றின்மேல் வைத்தபோது நாற்று வளர்ந்தது. அப்பொருளே ஆக்சின்.

ஆக்சின் நுனியில் உற்பத்தியாகித் தண்டின் வழியே கீழ்நோக்கி ஓடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை பக்கவாட்டு மொட்டுகள் அடங்கிக் கிடக்கின்றன. இதை முனை ஆதிக்கம் என்பர். இதில் வேறு ஹார்மோன்களும், தண்டில் ஓடும் சர்க்கரையின் அளவும் பங்கு கொள்கின்றன என்பது பிற்காலக் கண்டுபிடிப்பு. நுனியைக் கிள்ளிவிட்டால் ஆதிக்கம் நீங்குகிறது. கீழே உள்ள மொட்டு விழிக்கிறது. மொட்டையாக ஒரே கொடியாய் நீண்டு போன மணி பிளாண்டைப் புதர்போல் அடர்த்தியாக்க நுனியைக் கிள்ளச் சொல்வது இதனால்தான்.

தண்டை வெட்டியதும் இன்னொன்றும் நிகழ்கிறது. கீழ்நோக்கி ஓடிவந்த ஆக்சின் மேலே செல்ல வழியின்றி வெட்டு வாய்க்கு அருகில் தேங்குகிறது. அங்கே வேர் தோன்ற அது தூண்டுகிறது. 1930களின் நடுவில் இதைக் கண்டறிந்த பிறகே, வேர்விடாத செடிகளுக்கென ஆக்சின் வகைப் பொடிகள் கடைக்கு வந்தன. மணி பிளாண்டுக்கு அந்தப் பொடி தேவையில்லை. வேர் முனை முன்பே கணுவில் இருப்பதால் அதற்குப் பொடி வாங்குவது வீண் செலவு.

ஒரு சிறு சோதனை

மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். மூன்று கண்ணாடிக் குவளைகளில் நீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குவளையில் காம்போடு கூடிய இலையை மட்டும் வையுங்கள். தண்டின் துணுக்குகூட ஒட்டியிருக்கக் கூடாது. இரண்டாவதில் இரு கணுக்களுக்கு இடையே உள்ள வெறும் தண்டுத் துண்டு. மூன்றாவதில் ஒரு கணுவும் அதிலுள்ள இலையும். வெயில் நேராகப் படாத வெளிச்சமான இடத்தில் மூன்றையும் ஒன்றாக வைத்து, 3 நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி வாருங்கள்.

இரண்டாவது குவளையில் உள்ளது சில வாரங்களில் அழுகிவிடும். மூன்றாவதில் 10 நாள் முதல் 3 வாரத்துக்குள் வெள்ளை வேர் நீளும். பின்னர் இலைக்கோணத்திலிருந்து புதுத் தளிர் வரும். வியப்பூட்டுவது முதல் குவளைதான். தனி இலை பல வாரங்கள் பசுமை மாறாமல் நிற்கும். சில சமயம் காம்பின் அடியில் வேர்கூட விடும். ஆனால் எத்தனை மாதம் காத்தாலும் அதிலிருந்து தண்டு வராது, ஏனெனில் மொட்டு இல்லை. “வேர் வந்தும் செடி வளரவில்லையே” என்று குறைப்படுவோர் பலர் வெட்டியிருப்பது இப்படிப்பட்ட இலையைத்தான்.

நடும் முறை

நன்கு வளர்ந்த கொடியில் 2 அல்லது 3 கணுக்கள் உள்ள துண்டைத் தேர்ந்தெடுங்கள். சுத்தமான கத்தியால், கீழ்க்கணுவுக்கு 1 அல்லது 2 சென்டிமீட்டர் கீழே வெட்டுங்கள். கீழ்க்கணுவின் இலையை நீக்கிவிட வேண்டும். நீரில் மூழ்கிய இலை அழுகி நீரையும் கெடுக்கும். கணு நீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்குமாறு வையுங்கள். கண்ணாடி பாட்டிலில் ஒளி பட்டால் பாசி பிடிக்கும்; பழுப்பு நிறப் பாட்டில் நல்லது, இல்லையேல் காகிதம் சுற்றலாம்.

வேர் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுவது நல்லது. நீரில் வளர்ந்த வேர் அமைப்பில் சற்று வேறுபட்டது. மிக நீண்டு பின்னிப்போன பிறகு மாற்றினால், மண்ணில் புதிய வேர் விடும்வரை கொடி வாடி நிற்கும். நீரிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவும் முடியும், ஆனால் வெறும் நீரில் சத்து இல்லை. எப்போதாவது சிறிதளவு நீரில் கரையும் உரம் இடாவிட்டால் இலை சிறுத்து வெளிறும்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு கலந்தால் போதும். மணலுக்குப் பதில் தென்னை நார்க்கழிவும் சேர்க்கலாம். தொட்டியின் அடியில் துளை கட்டாயம். ஒரு தொட்டிக்கு ஒரு துண்டு என்று நட்டுவிட்டு அடர்த்தி வரக் காத்திருப்பதைவிட, 5 அல்லது 6 துண்டுகளை ஒன்றாக நடுவதே என் பரிந்துரை. தொட்டியின் மேற்பரப்பு வழுக்கையாகிவிட்ட பழைய செடிக்கு எளிய வழி ஒன்றுண்டு. தொங்கும் கொடியை வளைத்துத் தொட்டி மண்ணின்மேல் படுக்கவைத்து, கணு மண்ணில் அழுந்துமாறு கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துங்கள். கணு வேர்விட்டு அங்கேயே தளிர்க்கும். பதியன் போடுதல் என்று நம் முன்னோர் சொன்னது இதுவே.

கணுவின் இந்த ஆற்றலை நம் உழவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். கொடிக்காலில் அகத்தி மரத்தைப் பற்றி ஏறும் வெற்றிலை விதையால் பயிராவதில்லை. கணுக்கள் உள்ள கொடித் துண்டுகளையே நடுகின்றனர். மிளகுக் கொடியின் அடியிலிருந்து தரையோடு ஓடும் ஓடுகொடிகளை 2 அல்லது 3 கணுக்களாக வெட்டி நாற்றாக்குகின்றனர்.

மணி பிளாண்டைப் போலவே எளிதில் வளரும் வேறு சில கொடிகளும் உண்டு. அம்பு வடிவ இலை கொண்ட சிங்கோனியம், சிறிய இதய இலை கொண்ட பிலோடென்ட்ரான், ஊதாவும் வெள்ளியும் கலந்த வரிகளுடைய ட்ரெடஸ்கான்ஷியா ஆகிய மூன்றும் கணுவில் வேர்விடுபவை. ட்ரெடஸ்கான்ஷியா சில நாட்களிலேயே வேர்விட்டுவிடும், பொறுமையற்றவர்களுக்கு ஏற்றது. குளோரோபைட்டம் கொடியன்று, ஆனால் தொங்கும் நீள்காம்பின் முனையில் குட்டிச் செடிகளையே ஈன்று தருகிறது.

நீரும் ஒளியும்

இச்செடியை நீர் ஊற்றாமல் கொன்றவர்களைவிட நீர் ஊற்றிக் கொன்றவர்களே அதிகம். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களின் இடைவெளியில் உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனைப் பெறுகிறது. நாள்தோறும் நீர் ஊற்றினால் இடைவெளியெல்லாம் நீரால் நிரம்பி, வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலை வாடுகிறது. வாட்டத்தைக் கண்ட நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம்! விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். மேலே 2 அல்லது 3 சென்டிமீட்டர் உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடலாம். மண் ஈரமாக இருந்தும் இலை மஞ்சளானால் நோய் வேரில் இருக்கிறது. அழுகாத கணுக்களை வெட்டிப் புதிதாகத் தொடங்குவதே அப்போது சரியான மருத்துவம்.

அப்படியானால் நீர் பாட்டிலில் வேர் எவ்வாறு பிழைக்கிறது என்று கேட்கலாம். அங்கே வேர் நீரிலேயே உருவானது. நீரில் கரைந்துள்ள சிறிதளவு ஆக்சிஜனுக்குப் பழகியது. நீரை அடிக்கடி மாற்றச் சொல்வது அந்த ஆக்சிஜனைப் புதுப்பிக்கவும்தான்.

ஒளியைப் பொறுத்தவரை இக்கொடி காட்டு மர நிழலில் பிறந்தது. அதனால்தான் நம் வீட்டு மங்கலான மூலையையும் பொறுத்துக்கொள்கிறது. பொறுத்துக்கொள்வது வேறு, செழிப்பது வேறு. சன்னலோர வெளிச்சமே அதற்கு உகந்தது. சித்திரை வெயில் நேராகப் பட்டால் இலை கருகும். மங்கலான இடத்தில் வைத்தால் மஞ்சள் வரிகள் மங்கிப் பச்சை மேலோங்கும். இலையின் மஞ்சள் அல்லது வெண்மைப் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு. ஆகவே ‘மார்பிள் குயின்’ போன்ற வெண்ணிற வகைகள் மெதுவாகவே வளரும். வரிகள் நன்கு அமைந்த பகுதியிலிருந்து துண்டெடுத்தால் புதுச் செடியிலும் வரிகள் வர வாய்ப்பு அதிகம். முழுதும் வெளுத்த தண்டிலிருந்து எடுத்த துண்டோ தனக்கு உணவு ஆக்க இயலாமல் மடியும்.

தொங்கும் மணி பிளாண்டின் இலை உள்ளங்கை அளவே இருக்கும். அதே கொடி ஒரு மரத்தைப் பற்றி மேலே ஏறினால் இலை பன்மடங்கு பெரிதாகும். 1 மீட்டர் நீளம் வரைகூட வளர்ந்து, ஓரங்கள் கிழிந்து, வேறு செடியோ என எண்ணவைக்கும். மேலேறும் வாய்ப்பு கிடைத்த பின்னரே கொடி தன் முதிர்நிலையை அடைகிறது. இதன் உறவினமான மான்ஸ்டெராவின் ஒரு வகை, முளைத்ததும் ஒளியை நோக்கிச் செல்லாமல் இருளை நோக்கித் தவழ்கிறது என்று 1975இல் வெளியான ஆய்வு கூறியது. காட்டில் மிக இருண்டு தெரிவது அருகில் நிற்கும் பெரிய அடிமரம். ஏறுவதற்குத் தேவையானதும் அதுவே! வீட்டில் பெரிய இலை காண விரும்புவோர், கம்பு ஒன்றில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றித் தொட்டியில் நட்டு, அதை ஈரமாக வைத்து, கொடியை அதன்மேல் ஏற்றலாம்.

கவனிக்க வேண்டியவை

நீர் பாட்டில் வைத்திருப்போர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரை விரும்பும். மணி பிளாண்ட் பாட்டிலும் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டும் அதற்கு மிக வசதியான இடங்கள். நம் தட்பவெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறையாவது நீரை முழுவதும் கொட்டிவிட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும், உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைப்பதும் நல்லது. இதைச் செய்ய நேரமில்லாதவர்கள் செடியை மண்ணில் வைத்துக்கொள்வதே மேல்.

சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் நாக்கை அரிப்பதை அறிவோம். அவற்றில் உள்ள கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற படிகங்களே காரணம். அதே குடும்பத்தைச் சேர்ந்த மணி பிளாண்டிலும் அப்படிகங்கள் உண்டு. குழந்தையோ, பூனை, நாயோ இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். வாயை நீரால் நன்கு கழுவுங்கள். வீக்கம் மிகுந்தாலோ மூச்சுவிடச் சிரமம் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். தொங்கும் கொடியின் நுனி தவழும் குழந்தையின் கைக்கு எட்டாதிருக்கட்டும்.

இச்செடி அறைக் காற்றைத் தூய்மையாக்கும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இதன் தொடக்கம் 1989இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் செடிகளை வைத்தபோது பென்சீன் முதலிய ஆவிகள் குறைந்தன. அது உண்மை. ஆனால் நம் வீடு மூடிய பெட்டியன்று. 2019இல் இத்தகைய ஆய்வுகளை ஒருங்கே கணக்கிட்டுப் பார்த்தவர்கள், ஒரு கட்டடத்தில் இயல்பாக நிகழும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று கண்டனர். சன்னலைத் திறந்து வைப்பது எளிது. செடியை அதன் அழகுக்காக வளர்ப்போம்.

கத்தரித்த கொடிகளை என்ன செய்வது? பலரும் வேலிக்கு அப்பால் வீசிவிடுகிறார்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு செடி என்பதை மறந்துவிடலாகாது. இலங்கையில் கண்டி நகரின் நடுவே உள்ள உடவத்தகெலே சரணாலயக் காட்டில் இக்கொடி 20 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் தரையை மூடி, மரங்களில் ஏறிப் படர்ந்திருக்கிறது. அதன் அடியில் காட்டுக்கே உரிய கன்றுகள் முளைத்து எழ முடிவதில்லை. பூக்காமலும் விதையில்லாமலும் அது அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்த மலையடிவாரப் பகுதிகளில் வாழும் வாசகர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வெட்டிய துண்டுகளை ஓடையோரத்திலோ காட்டோரத்திலோ போடாமல், சிறிது சிறிதாக நறுக்கி, மொட்டைமாடி வெயிலில் சருகாகும்வரை காயவைத்து, அதன் பின்னரே உரக்குழியில் இடுங்கள்.